சங்கிலி ஒன்று, பொறுப்பு இரண்டு

(முன்னாள் மாணவர் ஆண்டுச் சந்திப்பின் பிற்பகல் அமர்வில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



ஏதாவது தொழில்நுட்பத் தலைப்பில் இருபது நிமிடம் பேசவேண்டும் என்று சங்கத்தில் கேட்டுக்கொண்டார்கள். நானும் பெரிய தலைப்பாகத்தான் யோசித்து வைத்திருந்தேன். ஆனால் மெக்கானிக்கல் மூன்றாம் ஆண்டு மாணவர்கள் சிலர் பழைய சைக்கிள் ஒன்றை பிக்ஸட் வீல் சைக்கிளாக மாற்றிக்கொண்டிருக்கிறார்கள். "அண்ணே, இதுக்கு என்ன செயின் போடலாம், எப்படி மாட்டணும்?" என்று கேட்டார்கள். உதிரிபாகத் தொழிற்சாலையில் தரக் கட்டுப்பாட்டுப் பிரிவில் சோறு தின்கிறவன் நான். இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாமல் வேறெதையோ பேசுவது நியாயமில்லை. எனவே இன்றைய தலைப்பு சைக்கிள் செயின். சின்ன சமாச்சாரம் என்று நினைக்காதீர்கள். ஆளைக் கீழே தள்ளிவிடக்கூடிய சமாச்சாரம்.

பிக்ஸட் வீல் என்பது என்ன?

நாம் ஓட்டும் சாதாரண சைக்கிளில் பின்சக்கரத்தோடு ப்ரீவீல் இருக்கிறது. மிதிப்பதை நிறுத்தினால் டிக் டிக் என்று சத்தம் கேட்கும். சக்கரம் சுற்றும், பெடல் சும்மா இருக்கும். பிக்ஸட் வீலில் அந்த வசதி கிடையாது. பல்சக்கரம் நேராகப் பின்சக்கர ஹப்போடு பிணைந்திருக்கும். சக்கரம் சுற்றுகிற வரைக்கும் பெடலும் சுற்றும், காலும் சுற்றியே ஆகவேண்டும். வேகத்தைக் குறைக்க, சுற்றிவரும் பெடலைக் காலால் எதிர்த்து அழுத்த வேண்டும்.

இது ஏதோ புது மோகம் என்று மூத்தவர்கள் நினைக்கலாம். உண்மையில் இதுதான் பழசு. 1885-ல் இங்கிலாந்தின் கோவென்ட்ரி நகரில் ஜே.கே. ஸ்டார்லி 'ரோவர்' சைக்கிளைக் கொண்டுவந்தபோது அதில் ப்ரீவீல் இல்லை. ப்ரீவீல் பரவலானது அந்த நூற்றாண்டின் கடைசியில்தான். ரோவருக்கு ஐந்து ஆண்டு முன்னால், 1880-ல், மான்செஸ்டரில் ஹான்ஸ் ரெனால்ட் என்பவர் புஷ்ஷும் ரோலரும் வைத்த சங்கிலியை உருவாக்கியிருந்தார். இன்று உங்கள் சைக்கிளில் ஓடுவது அடிப்படையில் அதே சங்கிலிதான். 1903-ல் ரைட் சகோதரர்கள் பறந்தபோது என்ஜினிலிருந்து இரண்டு புரொப்பெல்லர்களுக்கும் சக்தியைக் கொண்டுபோனதும் சங்கிலிதான்; அவர்கள் சைக்கிள் கடைக்காரர்கள் அல்லவா!

நம் மாநிலத்துக்கும் இதில் பங்கு உண்டு. அம்பத்தூரில் டி.ஐ. சைக்கிள்ஸ் 1949-ல் தொடங்கியது. 1960-ல் அமெரிக்க டைமண்ட் நிறுவனத்தின் கூட்டுறவோடு டி.ஐ. டைமண்ட் செயின் வந்தது. கோயம்புத்தூரிலும் செயின் செய்கிறார்கள். ஆக, நல்ல செயினுக்கு நாம் சீமைக்குப் போகவேண்டியதில்லை. சரியானதைப் பார்த்து வாங்கி, சரியாக மாட்டத் தெரிந்தால் போதும்.

ஏன் இவ்வளவு கவனம்?

ஒரு சின்னக் கணக்குப் போடுவோம். 60 கிலோ எடையுள்ள ஒருவர் பெடல் மேல் ஏறி நிற்கிறார். கிராங்க் நீளம் 170 மில்லிமீட்டர். முன்னால் இருக்கும் செயின் வீலில் 48 பல். அதன் ஆரம் சுமார் 97 மில்லிமீட்டர். 60-ஐ 170-ஆல் பெருக்கி 97-ஆல் வகுத்தால் சுமார் 105. அதாவது செயின்மேல் 105 கிலோ எடைக்குச் சமமான இழுப்பு. நல்ல புதுச் செயின் இதைப்போல் பல மடங்கு தாங்கும். அதனால் செயின் அறுந்தது என்றால் தகடு பிய்ந்துபோய் அறுந்ததாகப் பெரும்பாலும் இருக்காது. இணைத்த இடம் விட்டிருக்கும்.

சாதாரண சைக்கிளில் இந்த இழுப்பு செயினின் மேல் ஓட்டத்துக்கு மட்டும்தான். கீழ் ஓட்டம் சும்மா திரும்பி வருகிறது. பிக்ஸட் வீலில் நீங்கள் எதிர்த்து அழுத்தும்போது மேல் ஓட்டம் தளர்ந்து கீழ் ஓட்டம் விறைக்கிறது. ஓட்டுவதும் அதே செயின், நிறுத்துவதும் அதே செயின். சங்கிலி ஒன்று, பொறுப்பு இரண்டு. சாதாரண சைக்கிளில் செயின் அறுந்தால் தள்ளிக்கொண்டு வீட்டுக்கு வரலாம். பிரேக் கட்டை இல்லாத பிக்ஸட் வீலில் செயின் அறுந்தால் நிறுத்த வழியே இல்லை. இதை மனதில் வைத்துக்கொண்டு மற்றதைக் கேளுங்கள்.

எந்தச் செயின்?

செயின் டப்பாவில் இரண்டு எண் போட்டிருக்கும். 1/2 x 1/8 என்பது நமக்கு வேண்டியது. அரை அங்குலம் என்பது ஒரு பின்னுக்கும் அடுத்த பின்னுக்கும் இடையே உள்ள தூரம், அதாவது 12.7 மில்லிமீட்டர். அரைக்கால் அங்குலம் என்பது உள்தகடுகளுக்கு நடுவே பல் நுழைகிற அகலம், சுமார் 3.2 மில்லிமீட்டர். நம் ஊர்க் கடைகளில் சாதாரண சைக்கிளுக்குக் கிடைப்பது இதுதான். கியர் சைக்கிள் செயின் இதைவிட ஒடுக்கமானது. 3/32 என்று போட்டிருக்கும். தடித்த பல் அதில் நுழையாது. பளபளப்பாக இருக்கிறதே என்று அதை வாங்கி வந்துவிடாதீர்கள்.

கடையிலேயே மூன்று சோதனை செய்யலாம். ஒன்று, செயினைப் பக்கவாட்டில் கிடத்தினாற்போல் ஒரு முனையைப் பிடித்து நீட்டுங்கள். நல்ல செயின் கொஞ்சமாகத்தான் வளையும்; லொடலொட என்று தொங்கினால் வேண்டாம். இரண்டு, ஒவ்வொரு ரோலரும் விரலால் தள்ளினால் உருளவேண்டும். மூன்று, பின்னின் தலை இரண்டு பக்கமும் ஒரே அளவு வெளியே தெரியவேண்டும்.

பழைய செயினில் நாலு கண்ணியும் புதுச் செயினில் மீதியும் சேர்த்து ஒப்பேற்றும் பழக்கம் சிலரிடம் உண்டு. அது கூடவே கூடாது. செயின் நீள்கிறது என்கிறோமே, தகடு ரப்பர் மாதிரி நீள்வதில்லை. பின்னும் புஷ்ஷும் உரசித் தேய்ந்து, கண்ணிக்குக் கண்ணி இடைவெளி கூடுகிறது. அளப்பதற்கு நம் ஒர்க்ஷாப்பில் இருக்கும் ஓரடி ஸ்டீல் ஸ்கேல் போதும். புதுச் செயினில் ஒரு பின்னிலிருந்து எண்ணினால் இருபத்து நாலாவது இடைவெளி முடிகிற இடம் சரியாக 12 அங்குலம். அது 12 அங்குலமும் ஒரு 1/16-உம் ஆகிவிட்டால் மாற்றிவிடுங்கள். 1/8 தாண்டிவிட்டால் பல்லும் கூடவே கெட்டிருக்கும். புதுச் செயின் போட்டாலும் பழைய பல்மேல் ஏறிக் குதிக்கும். பிக்ஸட் வீலில் பல்லின் இரண்டு பக்கமும் வேலை செய்வதால் இரண்டு பக்கமும் தேய்கிறது என்பதையும் நினைவில் வையுங்கள்.

எத்தனை கண்ணி?

இதற்கு டிசைன் வகுப்பில் படித்த சூத்திரமே உதவும். செயின் வீல் மையத்துக்கும் பின்சக்கர மையத்துக்கும் 18 அங்குலம், முன்னால் 48 பல், பின்னால் 18 பல் என்று வைத்துக்கொள்வோம். மையத்தூரத்தின் இரண்டு மடங்கை அரை அங்குலத்தால் வகுத்தால் 72. இரண்டு பல்சக்கரங்களின் பற்களின் சராசரி 33. ஆகமொத்தம் 105. சக்கரங்கள் சிறிதும் பெரிதுமாக இருப்பதற்குத் திருத்தம் சுமார் 0.6. கூட்டினால் 105.6, அதனால் 106 கண்ணி. உள்கண்ணியும் வெளிக்கண்ணியும் மாறி மாறி வருவதால் எண்ணிக்கை இரட்டைப்படையாகத்தான் இருக்கவேண்டும். நல்லவேளை, 106 இரட்டைப்படை.

அதே சைக்கிளில் மையத்தூரம் கால் அங்குலம் கூடுதலாக இருந்தால்? 106.6 வரும். 106 எட்டாது. 107 ஒற்றைப்படை. அடுத்தது 108. அப்போது பின்சக்கர அச்சை அது உட்காரும் காடியில் கிட்டத்தட்ட 9 மில்லிமீட்டர் பின்னால் தள்ளிக்கொள்ள வேண்டும். காடியில் இடமிருந்தால் அதுவே நல்லது. இடமில்லை என்றால்தான் அரைக் கண்ணி. ஒரு பக்கம் ஒடுங்கி மறுபக்கம் விரிந்த வளைந்த தகடு அது. நேர்த் தகட்டின் பலம் அதற்கு வராது. வேறு வழியில்லாதபோது மட்டும் பயன்படுத்துங்கள்.

கணக்குப் போட்ட பிறகும் செயினைச் சுற்றிவைத்துப் பார்த்துவிட்டுத்தான் வெட்டவேண்டும். கேணிக்கரைப் பக்கம் நான் பள்ளி நாளில் போய் உட்காரும் சைக்கிள் கடையில் பாய் சொல்வார்: "தம்பி, கூட இருந்தா கழட்டிக்கலாம். குறைஞ்சா எங்க போய் ஒட்டுவே?"

இணைப்பது எப்படி?

இரண்டு முறை உண்டு. ஒன்று செயின் லாக். இரண்டு பின் உள்ள ஒரு தகடு, அதன்மேல் இன்னொரு தகடு, மேலே ஒரு ஸ்பிரிங் கிளிப். கிளிப்பின் ஒரு முனை மூடியிருக்கும், மறுமுனை பிளந்திருக்கும். மூடிய முனை செயின் ஓடுகிற திசையைப் பார்த்திருக்கவேண்டும். பிளந்த முனை முன்னால் இருந்தால், எதிலாவது தட்டும்போது கிளிப் கழன்று போகும். இதை பாய் எனக்குச் சொல்லிக்கொடுத்த விதம் மறக்காது. "பாரு, மீன் மாதிரி இருக்கா? மீன் எப்படி நீந்தும்? தலை முன்னால, வால் பின்னால. அவ்வளவுதான்." நம் கடற்கரைப் பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல பாடப்புத்தகம் கிடையாது. செயினின் மேல் ஓட்டத்தில் பார்த்தால் மீனின் தலை செயின் வீலை நோக்கி இருக்கவேண்டும். கிளிப் வெளிப்பக்கம், கண்ணில் படுகிற பக்கம் இருக்கட்டும்.

இங்கே ஒரு மாணவி நல்ல கேள்வி கேட்டார். "சார், பிக்ஸட் வீலில் பின்னோக்கி அழுத்துகிறோமே, அப்போது செயின் திசை மாறிவிடாதா? மீன் பின்னால் நீந்துகிற மாதிரி ஆகாதா?" ஆகாது. நீங்கள் எதிர்த்து அழுத்தினாலும் சைக்கிள் முன்னால்தான் போய்க்கொண்டிருக்கிறது. செயினும் முன்னால்தான் ஓடுகிறது. இழுப்பு எந்த ஓட்டத்தில் என்பது மட்டும்தான் மாறுகிறது. ஓடும் திசை மாறுவதில்லை. சைக்கிளையே பின்னால் தள்ளினால்தான் செயின் பின்னால் ஓடும்.

ஒருமுறை நெம்பி எடுத்த கிளிப்பை மறுபடி போடாதீர்கள். அதன் பிடிப்பு போயிருக்கும். புது லாக் பெரிய விலை இல்லை.

இரண்டாவது முறை பின்னை அழுத்தி இணைப்பது. செயின் கட்டர் கருவியால் பின்னைத் தள்ளும்போது முழுக்க வெளியே தள்ளிவிடக்கூடாது. வெளித்தகட்டில் அதன் நுனி நிற்கவேண்டும். முழுக்க விழுந்துவிட்டால் திரும்ப நேராக நுழைப்பது பெரும்பாடு. நுழைத்தாலும் தகட்டின் துளை சற்று விரிந்திருக்கும். சுத்தியலும் ஆணியும் வைத்துத் தட்டினால் தகடு கோணும். அழுத்திய பின் இரண்டு பக்கமும் பின் ஒரே அளவு நீட்டிக்கொண்டிருக்கிறதா என்று நகத்தால் தடவிப் பாருங்கள். அந்தக் கண்ணி மட்டும் இறுக்கமாக மடங்கினால், இரண்டு கையாலும் பிடித்துப் பக்கவாட்டில் லேசாக அசைத்தால் சரியாகிவிடும். எந்தக் கண்ணியில் இணைத்தீர்களோ அதில் ஒரு சொட்டு பெயின்ட் வையுங்கள். பிறகு சோதிக்கும்போது தேட வேண்டியதில்லை.

தொய்வு எவ்வளவு?

செயின் ஓட்டத்தின் நடுவில் விரலால் தூக்கி இறக்கினால் மொத்தம் அரை அங்குலம் அசைந்தால் சரி. செயின் வீல் நூற்றுக்கு நூறு வட்டமாக இருப்பதில்லை. எனவே பெடலை மெதுவாகச் சுற்றி, எங்கே மிக இறுக்கமாக இருக்கிறதோ அங்கே வைத்து அளக்கவேண்டும். அந்த இடத்திலும் செயின் விறைத்து நிற்கக்கூடாது. விறைத்தால் பேரிங்கும் செயினும் சேர்ந்து தேயும். தொய்வு அதிகமானாலோ, மிதிப்பதிலிருந்து எதிர்ப்பதற்கு மாறும் ஒவ்வொரு முறையும் 'டக்' என்று ஒரு அடி விழும். அந்த அடி லாக்கின்மேல்தான். அதோடு செயின் கழன்று சக்கரத்துக்கும் பல்லுக்கும் நடுவில் சிக்கினால், பிக்ஸட் வீலில் பின்சக்கரம் அப்படியே நின்றுவிடும். முன் பல்லும் பின் பல்லும் ஒரே நேர்கோட்டில் இருக்கிறதா என்று பின்னாலிருந்து குனிந்து ஒருமுறை பாருங்கள். கோணலாக ஓடும் செயின்தான் அடிக்கடி கழலும்.

நம் ஊர் உப்பு

இதுவரை சொன்னது எந்த ஊருக்கும் பொருந்தும். இனி சொல்வது நமக்கு. மண்டபம், பாம்பன், தங்கச்சிமடம், ராமேசுவரம் பக்கத்திலிருந்து வருகிற மாணவர்களுக்குத் தெரியும்; புதுச் செயின் சீக்கிரமே செம்பட்டை அடித்துவிடும். 1953-ல் திறக்கப்பட்ட காரைக்குடி மின்வேதியியல் ஆய்வகம், அதாவது நம் 'சிக்ரி', உலோக அரிமானத்தை ஆராய மண்டபத்தில் ஒரு நிலையம் வைத்திருக்கிறது என்றால், இந்தக் காற்றின் தரத்தைப் புரிந்துகொள்ளுங்கள்!

காரணம் இதுதான். காற்றில் வரும் உப்பு செயின்மேல் படிகிறது. ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினால் சாப்பாட்டு உப்பே காற்றிலிருந்து தண்ணீரை இழுத்துக் கரைந்துவிடும். கடற்கரையில் ராத்திரி நேரத்தில் இது சர்வ சாதாரணம். மழையே பெய்யாவிட்டாலும் உங்கள் செயின் ராத்திரி முழுக்க உப்புத் தண்ணீரில் நனைகிறது.

நிக்கல் பூசிய செயின் அழகுதான். ஆனால் பூச்சில் கீறல் விழுந்தால் நிக்கல் தன்னைக் காத்துக்கொண்டு அடியிலுள்ள இரும்பை அரிக்க விட்டுவிடும். துத்தநாகம் நேர்மாறு, தான் அரிபட்டு இரும்பைக் காக்கும். திறந்த வெளியில் நிற்கும் சைக்கிளுக்குத் துத்தநாகப் பூச்சு கிடைத்தால் அதுவே மேல். ஆனால் எந்தப் பூச்சும் பின்னும் புஷ்ஷும் உரசுகிற இடத்தில் நிலைக்காது. அங்கே எண்ணெய்தான் காவல்.

எண்ணெய் விடுமுன் ஒன்று செய்யவேண்டும். உப்பு எண்ணெயில் கரையாது, நல்ல தண்ணீரில்தான் கரையும். தண்ணீர்க் கஷ்டம் உள்ள ஜில்லாவில் இதைச் சொல்லத் தயக்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒரு சொம்பு போதும். செயினைக் கழுவி, துடைத்து, வெயிலில் நன்றாகக் காயவிட்டு, ரோலருக்கு ஒரு சொட்டு மெஷின் எண்ணெய். பிறகு வெளிப்பக்கத்தை உலர்ந்த துணியால் துடைத்துவிடுங்கள். வெளியே வழிகிற எண்ணெய் மணலைப் பிடித்து, செயினை அரம் மாதிரி அராவும். லாரி ஷெட்டில் கிடைக்கும் கழிவு எண்ணெய் வேண்டாம். அதிலேயே உலோகத் தூள் இருக்கிறது. மூடிய செயின் கவர் இருந்தால் அதைக் கழற்றி எறியாதீர்கள். ஸ்டைல் குறைந்தாலும் ஆயுள் கூடும்.

1914-ல் திறந்த பழைய பாம்பன் ரயில் பாலம் 2022 டிசம்பர் வரை ரயிலைத் தாங்கியது. அது துருப்பிடிக்காத இரும்பா? இல்லை. சுரண்டி, பெயின்ட் அடித்து, கெட்டதை மாற்றி, மறுபடி பெயின்ட் அடித்து ஆட்கள் காப்பாற்றிய இரும்பு. 2025 ஏப்ரலில் திறந்த புதுப் பாலத்துக்கும் அந்தக் கவனிப்பு இருந்தால்தான் ஆயுள். உங்கள் செயினுக்கும் அதே விதி.

கண்டிப்பாகச் சொல்லவேண்டியவை

தம்பிகளே, ப்ரீவீலை வெல்டு வைத்து பிக்ஸட் வீலாக மாற்றும் குறுக்குவழி வேண்டாம். ப்ரீவீல் மரையில் ஏறி உட்காருவது; முன்னால் மிதித்தால் இறுகும், எதிர்த்து அழுத்தினால் கழலும். முறையான பிக்ஸட் ஹப்பில் பல்லுக்கு வெளியே இடது மரை லாக் ரிங் ஒன்று இருக்கும். அது இல்லாமல் எதிர்த்து அழுத்துவது கயிறு கட்டாத கிணற்றில் இறங்குவது மாதிரி.

முன்சக்கர பிரேக் கட்டாயம் வேண்டும். பந்தயப் பாதையில் பிரேக் இல்லாமல் ஓட்டுகிறார்களே என்பீர்கள். ஜப்பானில் 1948 முதல் நடக்கும் கெய்ரின் பந்தயமானாலும், சென்னைக்கு அருகே மேலக்கோட்டையூர் வெலோட்ரோமானாலும், அங்கே எல்லோரும் ஒரே திசையில் போகிறார்கள். ஆடு குறுக்கே வராது, பஸ் நடுரோட்டில் நிற்காது. நம் ரோடு அப்படியா? 2017-ல் திறந்த அரிச்சல்முனைச் சாலையில் காற்று மணலை அள்ளிப் போடும். சுற்றுலா வேன்கள் நினைத்த இடத்தில் திரும்பும். பிரேக் இல்லாத வண்டியில் அங்கே போக நான் சம்மதம் சொல்லமாட்டேன். உங்கள் பேராசிரியரும் சொல்லக்கூடாது.

சக்கரம் சுற்றும்போது துணியை வைத்துச் செயினைத் துடைக்காதீர்கள். ப்ரீவீல் என்றால் பெடல் நின்றதும் செயின் நின்றுவிடும். பிக்ஸட் வீலில் சக்கரம் தன் வேகத்தில் செயினை இழுத்துக்கொண்டே இருக்கும். விரல் போனால் போனதுதான். துப்பட்டா, லுங்கி, தொளதொள பேன்ட் எல்லாவற்றுக்கும் இதே எச்சரிக்கை.

ஒரு வேண்டுகோள்

தமிழக அரசின் விலையில்லா சைக்கிள் திட்டம் 2001-02ல் ஆதிதிராவிட, பழங்குடி மாணவிகளுக்காகத் தொடங்கி, 2005-06ல் மற்ற மாணவ மாணவியருக்கும் விரிந்தது. நம் கடலோரக் கிராமங்களில் எத்தனையோ பிள்ளைகள் அந்த சைக்கிளில்தான் பள்ளிக்குப் போகிறார்கள். அவை சாதாரண ப்ரீவீல் சைக்கிள்கள்தான். ஆனால் உப்பு அவற்றையும் விடுவதில்லை. செயின் துருப்பிடித்து இறுகியதும் சைக்கிள் திண்ணையில் சாய்கிறது. பிள்ளை நடக்கிறது, அல்லது நின்றுவிடுகிறது. ஒரு லாக்கும் ஒரு சொட்டு எண்ணெயும் ஒரு பிள்ளையின் படிப்பைக் காப்பாற்றும் என்றால் மிகையில்லை.

மெக்கானிக்கல் மாணவர்கள் மாதம் ஒரு சனிக்கிழமை அருகிலுள்ள ஒரு பள்ளிக்குப் போய் மூன்று விஷயம் பார்க்கவேண்டும்: மீனின் தலை முன்னால் இருக்கிறதா, தொய்வு சரியா, பிரேக் பிடிக்கிறதா. இதற்கு வேண்டிய செயின் கட்டர், ஸ்கேல், லாக், எண்ணெய் எல்லாவற்றையும் எங்கள் வகுப்பு நண்பர்கள் சார்பில் ஒர்க்ஷாப்புக்குத் தருகிறோம். மற்ற ஆண்டு நண்பர்களும் கைகொடுத்தால் மண்டபம் முதல் தேவிபட்டினம் வரை போகலாம். பேராசிரியர்கள் அனுமதி தரவேண்டும். மாணவர்கள் கையில் கொஞ்சம் கறை படியச் சம்மதிக்கவேண்டும்.